செங்குளத்துச் சிங்கம் பேஜின் ஒரே அட்மின்

ஜனவரி 11, ஞாயிறு

அண்ணாச்சிக்கு மூன்றாவது முறையும் சீட் உறுதி, ஜெயித்தால் மந்திரி, இந்தச் செய்தியை உலகத்திலேயே முதலில் சொன்னது நம்ம பேஜ்தான் மக்களே!!!

காலையில் போட்ட போஸ்ட் இது. 'உறுதி' மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டது. அண்ணாச்சியின் பி.ஏ. மாடசாமி அண்ணன் என்னிடம் சொன்னது, "விருப்ப மனு குடுத்தாச்சு, பாப்போம்" என்பதுதான். 'மந்திரி' முழுக்க நான் சேர்த்தது. இரண்டாயிரத்து முந்நூறு லைக். பொய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதப்போகிறேன். சங்கரநயினார் அண்ணாச்சி மந்திரியான பிறகு அவர் வாழ்க்கையை யாராவது புத்தகமாகப் போடுவார்கள். அப்போது என்னிடம் வந்துதான் கேட்க வேண்டும். வார்டு உறுப்பினர், ஒன்றியத் தலைவர், இரண்டு முறை செங்குளம் தொகுதி எம்.எல்.ஏ. எல்லா வருஷமும் எல்லாத் தேதியும் எனக்கு மனப்பாடம். என் சொந்த பிளஸ் டூ மார்க் எனக்கு நினைவில்லை.

'செங்குளத்துச் சிங்கம்' பேஜை ஆரம்பித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. இப்போது இருபத்திரண்டு. அறுபத்திரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். எடிட்டிங் யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த ஸ்கிரீன் போனில் நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். போன வருஷம் பத்திரப்பதிவுத் துறை மானியக் கோரிக்கையில் அண்ணாச்சிக்குக் கிடைத்தது நான்கே நிமிடம். அதில் நாற்பது வினாடியை வெட்டிப் போட்டேன்: "பெற்றவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பதிவுத் திருமணம்கூட நடக்கக் கூடாது. பெற்றவன் சாட்சி இல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை." பதினெட்டு லட்சம் வியூஸ். அதுவரை செங்குளத்துக்கு மட்டும் தெரிந்த அண்ணாச்சியை மதுரைக்காரர்களுக்கும் தெரிந்தது. அந்த வெட்டு என்னுடையது.

ஜனவரி 14, புதன்

போகி. அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். பாதிச் சுவர் அடித்தேன். மீதி நேரம் அண்ணாச்சிக்குப் பொங்கல் வாழ்த்து டிசைன் செய்தேன்.

பீடி இலை வெட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏட்டி முப்பிடாதி, அவருக்கு உன் பேராவது தெரியுமாட்டி?"

"தெரியும்."

"என்னன்னு கூப்புடுவாரு?"

"பேஜ் புள்ளன்னு."

"பேஜ் புள்ள! இந்தப் பேருக்கா கோயில்ல காது குத்துனேன்? போ, போயி அந்தச் சுவர அடி மூதி."

ஜனவரி 19, திங்கள்

இன்று ஒரு கல்யாண வீட்டுக்கு அண்ணாச்சி வந்தார். நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போனேன். அண்ணாச்சி வருகிறார் என்றால் அந்தப் பத்திரிகையில் இரு பக்கப் பெற்றோர் பெயரும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் அமைச்சர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் போகமாட்டார். போனால் முதல் பந்தியில் உட்கார்ந்து அப்பளம் வரை சாப்பிடுவார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்கிற ஆள் இல்லை.

ஆனால் இன்று எழுத வேண்டியது அது இல்லை. காரின் பின்கதவு திறந்தது. ஒருத்தி இறங்கினாள்.

வெள்ளைச் சுடிதார், கழுத்தில் கேமரா. நிஜக் கேமரா.

"யாருண்ணே இது?" என்றேன் மாடசாமி அண்ணனிடம்.

"தர்ஷிகா. கோயம்புத்தூரு. மீடியா படிச்ச புள்ள. இனிமே சோசியல் மீடியால்லாம் அதான் பாக்கும். நீ உன் போட்டோவ அதுக்கு அனுப்பிரு."

"நான் எதுக்கு அனுப்பணும்?"

"ஏ, நாலு வருசமா இருக்கப்பட்டவ, புதுசா வந்தவளுக்குக் கொஞ்சம் எடம் குடுத்தா கொறஞ்சா போவ?"

நான்கு வருஷமாக நான் பஸ்ஸில் போய்ப் படம் எடுக்கிறேன். அவள் முதல் நாளே காரில். அதுவும் அண்ணாச்சிக்குப் பக்கத்தில். போகும்போது அவர் அவளிடம், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. சும்மா எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

மூன்று நாளாக அவள் ஒரு போஸ்ட்கூடப் போடவில்லை. என்ன கிழிக்கிறாள்?

ஜனவரி 24, சனி

அவளுடைய சொந்த இன்ஸ்டாகிராமை முழுக்கப் பார்த்தேன். முதல் போஸ்ட் வரை. நாய்க்குட்டி, மழை, டீ கிளாஸ். ஒரு படத்தில்கூட வெளிச்சம் சரியில்லை. என்னை விட நன்றாக எடுக்கிறாள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு படம் பரவாயில்லை.

ஜனவரி 28, புதன்

எங்கள் இ-சேவை மையத்துக்கு நேர் எதிரே சார்பதிவாளர் அலுவலகம். காலை பதினொன்றரைக்கு ஒரு அக்காவுக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரில் தர்ஷிகா! ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட ஒரு பையன், நல்ல உயரம். இன்னொரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். யாரோ தோழி. மூவரும் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். பையன் கையில் ரசீது மாதிரி ஏதோ இருந்தது.

நிலம் வாங்குகிற முகமாக இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் டீக்கடையில் விசாரித்தேன். "ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு நோட்டீஸ் குடுக்க வந்தாவ" என்றார் கடைக்காரர். "முப்பது நாளு போர்டுல ஒட்டிருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லலன்னா தாலி கட்டிரலாம்."

அண்ணாச்சி ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு அண்ணாச்சியின் கொள்கைக்கே உலை வைக்கிறாள்! எனக்குக் கோபம் வந்தது. சந்தோஷமும் கொஞ்சம். இரண்டும் சேர்ந்தேதான் வரும் போல.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாட்டினாள். இன்று தனியாக வந்தாள். அலுவலக வராந்தாவில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று ஒரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் பிய்ந்திருந்தது போல, குண்டூசியை எடுத்துச் சரியாகக் குத்தினாள். நான் எங்கள் இ-சேவைக் கடை வாசலில் நின்றபடியே மூன்று படம் எடுத்தேன். ஸ்கிரீன் உடைந்திருந்தாலும் என் போனின் ஜூம் நல்ல ஜூம்.

பிப்ரவரி 4, புதன்

காலை 8.10க்குப் போஸ்ட் போட்டேன். "எங்க அண்ணாச்சி ஆபீஸிலேயே உட்கார்ந்துகொண்டு பெற்றவருக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு அலைகிற அந்த மேடம் யார்? கண்டுபிடிங்க மக்களே!"

நாகரிகம் கருதி அவள் முகத்தை மட்டும் மங்கலாக்கினேன். சுடிதாரை வைத்தே ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

11 மணி: நானூறு கமெண்ட். செம!

11.40: யாரோ ஒருத்தன், "மேடத்த விடுங்க, பின்னாடி போர்டுல ஒட்டிருக்க போட்டோவப் பாருங்க" என்று வட்டம் போட்டுக் காட்டியிருந்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நோட்டீஸ். பாஸ்போர்ட் சைஸ் படம் இரண்டு. மணமகன் பெயர் ஆல்வின், தூத்துக்குடி. மணமகள் பெயர் கோமதி. முகவரி: 14, மேல ரதவீதி, செங்குளம்.

அந்த வீட்டுக் காம்பவுண்டு கேட்டை நான் நாற்பது வீடியோவில் காட்டியிருக்கிறேன்.

கோமதி அண்ணாச்சியின் ஒரே மகள்.

உடனே போஸ்டை அழித்தேன். அதற்குள் ஆறாயிரம் ஷேர்.

பிப்ரவரி 5, வியாழன்

எல்லா டிவியிலும் அந்தப் படம். மூலையில் 'செங்குளத்துச் சிங்கம்' என்று என்னுடைய வாட்டர்மார்க். திருடப்படாமல் இருக்கப் பெரிதாகப் போட்டது.

சட்டசபைப் பேச்சின் நாற்பது வினாடியையும் நோட்டீஸையும் ஒட்டி மீம் போட்டிருக்கிறார்கள். வெட்டும் இடம் தப்பு. இருந்தாலும் ஓடுகிறது.

மதியம் தர்ஷிகா போன் செய்தாள். திட்டுவாள் என்று எடுத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். அது அதைவிட மோசம்.

"உங்களுக்கு என் மேல என்னங்க கோபம்?"

"நீங்க பேஜ எங்கிட்டருந்து புடுங்க வந்தீங்க."

"பேஜா? எனக்கு உங்க பேஜ் பேரே ஒழுங்காத் தெரியாதுங்க. நானும் கோமதியும் காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம். ரெண்டு வருஷம் அங்கிள் முடியவே முடியாதுன்னாரு. அவ ஓடிப்போகவும் மாட்டேன்னா, ஒளிஞ்சு பண்ணவும் மாட்டேன்னா. கடைசில அங்கிள் எனக்குத்தான் போன் பண்ணினாரு. 'நான் வரமாட்டேன்மா. ஆனா எம்புள்ள அந்த ஆபீஸ்ல தனியாப் போயி நிக்கக் கூடாது. நீ கூடப் போ'ன்னாரு. ஊருக்குக் காரணம் சொல்லணும்ல, அதுக்குத்தான் இந்தக் கேமரா. எனக்கு அதை ஆன் பண்ணவே சரியாத் தெரியாதுங்க."

அவளே வைத்துவிட்டாள்.

அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும். சம்மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஊருக்கெல்லாம் ஒரு அப்பா, வீட்டுக்குள் வேறொரு அப்பா.

என் அப்பா திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். இங்கே எழுத வேண்டிய விஷயம் இல்லை அது.

பிப்ரவரி 7, சனி

கடைக்குப் போகவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் ரசம் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் புள்ள உனக்கு என்னட்டி பண்ணுச்சு?"

"யாரு, தர்ஷிகாவா, கோமதியா?"

"ரெண்டு பேரும்."

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

அண்ணாச்சி வீட்டுக்கு வரச்சொன்னார்!!! நான்கு வருஷத்தில் முதல் முறை. வெளிக் கேட்டைத் தாண்டி, முன்கூடத்தைத் தாண்டி, அவருடைய அறைக்குள்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். மாடசாமி அண்ணன், "சேர்ல உக்காரு தாயி" என்றார். நாளைக்குத் தலைமைக் கழகத்தில் நேர்காணலாம். அதற்குள் அண்ணாச்சி ஒரு வீடியோ வெளியிட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வீடியோ இல்லையென்றால் சீட் இல்லை.

"டிவிக்காரன் எவனையும் உள்ள விட முடியாது. உன்ன மாதிரி வெட்டவும் ஆளு கெடையாது" என்றார். இந்த வார்த்தைக்கு நான் நியாயமாகத் துள்ளியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி வேட்டி சட்டையில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து, "நீ தெரியாமப் பண்ணிட்ட. விடு" என்றார். நான் தெரிந்து செய்தது வேறு என்று அவரிடம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது இரண்டே வரி. 'கோமதிக்கும் எனக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் என் மகள் இல்லை.' போனை ஸ்டாண்டில் வைத்து ஓட்டினேன்.

முதல் டேக்: "எம்மக கோமதி எனக்கு மக இல்ல." நிறுத்தினேன்.

இரண்டாவதிலும் அதேதான்.

"அண்ணாச்சி, 'எம்மக'ன்னு ஆரம்பிக்காதிய" என்றார் மாடசாமி அண்ணன். "'கோமதி என்பவர்'னு ஆரம்பிங்க. மேடையில பேசுத மாதிரி."

நான்காவது டேக்கில் இருமல். ஐந்தாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். ஆறாவதில் சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. எடுத்து வைக்கிற சத்தம் கேட்கவில்லை. ஏழாவதில் தண்ணீர் கேட்டார்.

எட்டாவது: "கோமதி என்பவர் பிடிவாதக்காரி. எங்க அம்மா மாதிரி."

"அண்ணாச்சி..."

"தெரியுதுடே. மறுபடி போடு."

ஒன்பதாவது: "கோமதி என்பவர்... ஏழு மாசத்துல பொறந்தவ. ஒரு செருப்பு டப்பாக்குள்ள அடங்குவா. தங்காதுன்னுட்டாவ. நான் அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே..." பிறகு கேமராவைப் பார்த்தார். அது ஓடுகிறது என்பதே மறந்திருந்தது போல. "வெட்டிரு" என்றார்.

இருபது வருஷத்துக்கும் மேலாக மேடையில் தாளைப் பார்க்காமல் பேசும் மனுஷன். சட்டசபையில் நான்கு நிமிடத்தில் ஒரு சொல் தடுமாறாதவர். இரண்டு வரி வரவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். நான் பாவப்படவில்லை. பொறாமைப்பட்டேன். தர்ஷிகா மேல் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, உலகத்தில் எனக்காக யாராவது ஒரே ஒரு டேக்காவது தப்பு விடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது டேக் சரியாக வந்தது. முகம் மரக்கட்டை மாதிரி. நேர்த்தி. அங்கேயே வெட்டி, நிறம் சரிசெய்து, பேஜில் போட்டேன்.

"மத்ததயெல்லாம் அழிச்சிரு" என்றார் மாடசாமி அண்ணன். அழித்துவிட்டேன் என்றேன்.

கிளம்பும்போது அண்ணாச்சி என் தலையில் கை வைத்தார். "நல்லா இரு தாயி. இனிமே நீயும் எனக்கு ஒரு மக மாதிரிதான்."

அதை ஒரே டேக்கில் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆறு லட்சம் வியூஸ். 'கொள்கைக்காக மகளையே தூக்கியெறிந்த சிங்கம்.' தர்ஷிகா ஊருக்குப் போய்விட்டாளாம். பேஜுக்கு இனி நான் மட்டும்தான். மாடசாமி அண்ணன் எனக்கு அடையாள அட்டை அடித்துத் தந்தார். 'ஊடகப் பொறுப்பாளர், செங்குளம் தொகுதி.' பெயர் முழுசாக இருக்கிறது: மு. முப்பிடாதி.

பிப்ரவரி 13, வெள்ளி

அடையாள அட்டையை அம்மாவிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். இலைக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி

வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது. அண்ணாச்சி பெயர் இருக்கிறது. வெடி போட்டார்கள். அண்ணாச்சி வெளியே வந்து கும்பிட்டார், உள்ளே போய்விட்டார். படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் மாடியில் கோமதி அறை ஜன்னல் மட்டும் சாத்தியிருக்கிறது. எப்படிக் கிராப் செய்தாலும் அது வருகிறது.

பிப்ரவரி 25, புதன்

கடையில் டோக்கன் நம்பர் ஒன்பது என்று கூப்பிட்டேன். தர்ஷிகா வந்து நின்றாள்.

"ஊருக்குப் போகலியா?"

"போனேன். வந்துட்டேன். இந்த ஆதாரை ஜெராக்ஸ் போடணுங்க. ரெண்டு காப்பி."

போட்டுக்கொண்டே கேட்டேன். "எதுக்கு?"

"சாட்சிக் கையெழுத்துக்கு. திங்கக்கிழமை கோமதி கல்யாணம். மூணு சாட்சி வேணும். நான் ஒண்ணு. ஆல்வினோட பிரண்ட்ஸ் ரெண்டு பேரும் இந்த ஊர்க்காரங்க. உங்க வீடியோ வந்த அன்னைக்கே கழண்டுக்கிட்டாங்க. தூத்துக்குடில கேட்டா அவங்களும் பயப்படறாங்க. எம்.எல்.ஏ.வ எதுத்து எவன் போடுவான்?"

"கோமதியக்கா எப்படி இருக்காவ?"

"எப்படி இருப்பா? அந்த வீடியோவ நாள் பூரா பாக்கறா. 'அப்பா எவ்வளவு ஈசியாச் சொல்லிட்டாரு'ங்கறா."

ஈசியா!

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது? என் வெட்டு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. பின்னால் இருந்த பத்தும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போனை எடுத்து ஒன்பதாவது டேக்கை அவளிடம் காட்டினேன். தர்ஷிகா கடையில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் நின்ற பெரியவர், "யம்மா, வீடியோவ அப்பறம் பாரு, எனக்குப் பட்டா எடுக்கணும்" என்றார்.

"இது கோமதியக்காவுக்கு மட்டும்தான்" என்றேன். "வேற யாருக்காச்சும் போச்சு, உன்ன உரிச்சிருவேன்."

"நீங்க சொல்றீங்களா? நீங்க?" என்றாள். அனுப்பினேன்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து பதில் வந்தது. 'ஏழு மாசம் இல்ல, எட்டு மாசம். அப்பாவுக்கு எப்பவுமே தப்பாத்தான் வரும்.'

அதை எத்தனை முறை படித்தேன் என்று எழுதமாட்டேன். எனக்கு இன்னும் பொறாமைதான். அது போகவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

தர்ஷிகாவுக்குப் போன் செய்து, இரண்டாவது கையெழுத்து நான் போடுகிறேன் என்றேன். நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் போய் நிற்கும் இடத்தில் நான் இல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அந்த அட்டையப் புடுங்கிருவாவளேட்டி" என்றாள். "ஆமா" என்றேன். இலையைத் தள்ளிவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாவது சாட்சி கிடைக்கவில்லை. தர்ஷிகா நேற்றிலிருந்து பதினாறு பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள். அம்மா போட்டிருப்பாள். ஆனால் அவள் ஆதாரில் பிறந்த வருஷம் தப்பு, திருத்தம் போட்டு வரப் பத்து நாளாகும். அந்த விண்ணப்பத்தை ஏற்றியதும் நான்தான்.

டேக் எதையும் வெளியே விடப்போவதில்லை. அவர் தர்ஷிகாவை அனுப்பியதையும் சொல்லப்போவதில்லை. அண்ணாச்சி ஜெயிக்கட்டும், மந்திரியாகட்டும். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பேஜில் போட எழுதியது இது. வெட்டவில்லை, இசை சேர்க்கவில்லை. இதோ அழுத்துகிறேன்:

'மக்களே! நான் அட்மின் முப்பிடாதி. மார்ச் 2 திங்கட்கிழமை காலை பத்தரை மணி, செங்குளம் சார்பதிவாளர் ஆபீஸ். கோமதி அக்காவுக்குக் கல்யாணம். சாட்சி மூணு பேர் வேணும். தர்ஷிகா ஒண்ணு, நான் ஒண்ணு, இன்னும் ஒரே ஒருத்தர் வேணும். பதினெட்டு வயசு ஆகியிருக்கணும், ஆதார் அட்டை வேணும், கொஞ்சம் தைரியம் வேணும். அண்ணாச்சிக்கு எதிரா இல்ல, சும்மா பொண்ணுக்குப் பக்கத்துல நிக்க. திட்டுறவங்க கமெண்ட்ல திட்டிக்கோங்க, ஒண்ணையும் அழிக்க மாட்டேன். வர்றவங்க இன்பாக்ஸ்ல பேரைப் போடுங்க. வர முடியாதவங்க ஷேர் பண்ணுங்க, மாடசாமி அண்ணன் பாஸ்வேர்டை மாத்துறதுக்குள்ள, சீக்கிரம்!'